கோமதி அம்மா ஏன் உள்ளே வர்றதில்லை

நீங்க புது அம்மாதானே? பையைப் பாத்தாலே தெரியுது. பிளாஸ்க், டவல், சீப்பு, ஊக்கு டப்பா, மோர் பாட்டில். நானும் இதே மாதிரி ஒரு பையைத் தூக்கிக்கிட்டு எதிர்ல இருக்கிற அந்த பங்களாவுக்குள்ள போய் வந்துக்கிட்டு இருந்தவதான். உக்காருங்க. ஷாட் ஆரம்பிச்சா அம்மாங்களை எல்லாம் வெளியே துரத்திடுவாங்க. ஜெனரேட்டர் பக்கத்துல நின்னு காது கிழியறதுக்கு இந்த டீக்கடை பெஞ்சு எவ்வளவோ மேல். அண்ணே, இவங்களுக்கு ஒரு டீ, சர்க்கரை கம்மியா. கம்மிதானே? எனக்குத் தெரியும். இங்க வர்ற அம்மாங்க எல்லாருக்குமே கம்மிதான். உக்காந்து உக்காந்தே வந்த வியாதி.

உங்க பொண்ணு என்ன கேரக்டர்? வயலின் வாசிக்கிற புது ஸ்டூடன்டா? பேர் என்ன வெச்சிருக்காங்க? ப்ரீத்தியா? சரி, அப்ப இன்னியிலேருந்து நீங்க ப்ரீத்தி அம்மா. உங்க சொந்தப் பேரை வீட்டுலயே வெச்சுட்டு வந்துடுங்க, இங்க யாருக்கும் அது வேண்டாம். என் பேர் புனிதவதி. ஒரு ஆளுக்குத் தெரியாது. என் பொண்ணு பேர் நளினகாந்தி. ராகத்தோட பேருங்க அது. அவங்க அப்பா அவர் குலதெய்வம் பேரை வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னார், நான்தான் விடல. அப்படி சண்டை போட்டு வெச்ச பேரு. இப்ப தெருவுல போனா கோமதி, கோமதின்னுதான் கூப்பிடறாங்க. நான் கோமதி அம்மா.

ஆமா, அதே கோமதிதான். சிரிச்சுக்கோங்க, பரவாயில்ல. அவ பேரைச் சொன்னாலே எல்லாரும் முதல்ல சிரிக்கத்தான் சிரிக்கறாங்க.

நீங்க இந்த 'கலைமாடம்' சீரியலை முதல்லேருந்து பாக்கறீங்களா? ஆட்டம் பாட்டம் கத்துக்கற காலேஜ்னு சொல்லி ஆரம்பிச்சாங்க. காதல் வந்தா ஒரு பாட்டு, சண்டை வந்தா ஒரு பாட்டு, கேன்டீன்ல வடை தீர்ந்து போனா அதுக்கும் ஒரு பாட்டு. அதுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு, பெரம்பூர்லேருந்து ரெண்டு பஸ் மாறி நளினியைக் கூட்டிட்டு வந்தேன். பி.மியூசிக் படிச்ச பொண்ணு. வாயைத் திறந்தா சுருதிப்பெட்டியே அவகிட்ட சுருதி கேட்டுக்கும், காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு நினைக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். எனக்கும் கொஞ்சம் ஞானம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னாடி ரேடியோ ஆடிஷனுக்குப் பேர் குடுத்து வெச்சிருந்தேன், அப்புறம் கல்யாணம் வந்துடுச்சு. அது கிடக்கு, விடுங்க.

அன்னிக்கு இவ பாடினா பாருங்க. டைரக்டர் மூச்சு விடல. மியூசிக் டைரக்டர் எழுந்து வந்து, "நீதாம்மா வேணும்"னார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அப்பவே போன் போட்டு அவங்க அப்பாகிட்ட, நம்ம பொண்ணுதான் ஹீரோயின்னு சொல்லிட்டேன். அவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஃபேக்டரியில வெல்டர், ஷிஃப்ட்ல இருந்தவங்களுக்கெல்லாம் அன்னிக்கே ஸ்வீட் வாங்கிக் குடுத்துட்டார்.

அப்புறம் பாத்தா ஹீரோயின் மங்களூர்லேருந்து வருது. அந்தப் பொண்ணுக்குப் பாட வராது, குரல் வேற யாரோ குடுக்கறாங்க. நல்லாப் பாடற என் பொண்ணுக்கு என்ன வேஷம் தெரியுமா? பாடவே தெரியாத கோமதி! கிளாஸ்ல எல்லாரும் 'ச' பிடிச்சா இவ வேற எதையோ பிடிக்கணும். வாத்தியார் காதைப் பொத்திக்கணும். ஜனங்க சிரிக்கணும்.

நான் சண்டைக்குப் போனேன். அந்த மியூசிக் டைரக்டர் என்ன சொன்னார்னா, "அம்மா, சுருதி தெரியாதவங்க தப்பாப் பாடினா அது வெறும் சத்தம். சுருதி தெரிஞ்சவங்க தப்பாப் பாடினாதான் சிரிப்பு வரும். அதுக்குத்தான் உங்க பொண்ணு"ன்னார். இது ஒரு பேச்சா? நல்லா நடக்கத் தெரிஞ்சவனைக் கூட்டிட்டு வந்து நொண்டச் சொல்லிட்டு, நொண்டறதுக்கு நீதான் லாயக்குன்னா காலு உள்ளவனுக்கு எப்படி இருக்கும்?

ஆனா இவ ஒத்துக்கிட்டா. ஒத்துக்கிட்டது மட்டுமா? வீட்டுல சாதகம் பண்றா! காலையில எழுந்து, தம்புராவைப் போட்டுக்கிட்டு, தப்பாப் பாடறதுக்குச் சாதகம் பண்ற பொண்ணை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? கொஞ்சம் ஏத்திப் பாப்பா, சிரிப்பா. கொஞ்சம் இறக்கிப் பாப்பா, வேண்டாம்னு தலையை ஆட்டுவா. "அம்மா, இது முடி அளவுதான் தள்ளியிருக்கு, இன்னும் கொஞ்சம் போனா கர்ணகொடூரம் ஆயிடும், இந்த இடம்தான் கரெக்டான தப்பு"ன்னு என்கிட்டயே வந்து பாடிக் காட்டுவா. நான் குக்கரை வெச்சு விசில் விட்டுடுவேன். எனக்குத் தாங்காது. டி.வி.யிலயும் அப்படித்தான், கோமதி வாயைத் திறந்தா நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்திடுவேன். ரெக்கார்டிங்குக்குக் கூடப் போவேன், முதல் வரி கதவு வழியா கேட்டதும் எழுந்து டீ குடிக்கப் போயிடுவேன். பெத்த வயிறு, என்ன பண்ணச் சொல்றீங்க?

ஆனா ஊருக்கு அது பிடிச்சுப் போச்சு. என் நாத்தனார் பொண்ணு கல்யாண ரிசப்ஷன். மேடையில ஏத்திப் பாடச் சொன்னாங்க. நான் நல்ல கீர்த்தனையா ஒண்ணு பாடுடின்னேன். பாடினா. ஒருத்தர் கவனிக்கல, பந்தியில சாம்பார் கேக்கற சத்தம்தான் கேக்குது. முடிச்சதும் பின்னாடிலேருந்து ஒரு பெரியவர், "அம்மா, அந்தக் கோமதி மாதிரி ஒண்ணு பாடேன்"னார். பாடினா பாருங்க, மண்டபமே எழுந்து நின்னு கை தட்டுது. மாப்பிள்ளை தரையில உக்காந்து சிரிக்கறான். இவளும் சிரிக்கறா. நான் மட்டும்தான் சாப்பிடாம வந்தேன். அவங்க அப்பா பஸ்ல வரும்போது, "நாய் வித்த காசு குரைக்கவா போவுது, விடு புனிதா"ன்னார். அந்த மனுஷனுக்கு எல்லாமே காசுதான்.

செட்டுல மட்டும் என்ன? ஹீரோயின் அம்மாவுக்குக் குஷன் போட்ட சேர், ஃபேன் பக்கத்துல. வில்லி அம்மாவுக்குப் பிளாஸ்டிக் சேர். கோமதி அம்மாவுக்கு ஸ்டூல், அதுவும் லைட் பாய் வந்து கேட்டா எழுந்து குடுக்கணும். மங்களூர் அம்மா என்கிட்ட வந்து, "உங்க பொண்ணு காமெடி ரொம்பச் சூப்பர்"ங்குது. காமெடி! என் பொண்ணு பாட்டு காமெடியாம், வாயசைக்கிற அவ பொண்ணு சங்கீத சரஸ்வதியாம். எரிஞ்சு போச்சு எனக்கு.

அப்பதான் அந்த வியாழக்கிழமை எபிசோடு வந்துச்சு. காலேஜ் ஆண்டு விழாப் போட்டி. கோமதியும் மேடை ஏறிப் பாடறா. "அம்மா, இந்த வியாழக்கிழமை மட்டும் நீ பாக்கணும், சத்தத்தை நிறுத்தக் கூடாது, முழுசாப் பாக்கணும்"னு இவ நச்சரிக்கறா. ரொம்ப நாளா அந்த ஒரு பாட்டையே வெச்சுக்கிட்டு என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தா. எனக்கு என்ன தோணும்? இத்தனை நாள் கிளாசுக்குள்ள அவமானப்பட்டா, இப்போ மேடை ஏறி அவமானப்படப் போறா, அதை நான் முழுசாப் பாக்கணுமாம். உங்களுக்கு அப்படித் தோணாதா?

ரெக்கார்டிங் அன்னிக்கு வழக்கம் போல முதல் வரி கேட்டேன், எழுந்து போயிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள அவ பாடி முடிச்சு ஷூட்டிங் வேனுல ஏறிப் போயிட்டா. துப்பட்டாவை விட்டுட்டுப் போயிருந்தா, எடுக்க உள்ளே போனேன். சவுண்ட் இன்ஜினியர் அருள்தாஸ்னு ஒருத்தர், தங்கமான மனுஷன், மூணு சீரியல் வேலையைத் தலையில போட்டுக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருந்தார். கம்ப்யூட்டர்ல ஹீரோயினுக்குப் பாடின குரலைச் சரி பண்றார். கோடு கோடா வருது, தப்பின இடத்தைப் பிடிச்சு இழுத்து வெச்சா சுருதி சேர்ந்துடுது. அட, இவ்வளவுதானான்னு இருந்துச்சு எனக்கு.

"சார், கோமதி பாட்டையும் இப்படிச் சரி பண்ணிடுங்க"ன்னேன்.

அவர் திரும்பிப் பாத்தார். "அதை எதுக்கும்மா? அது அப்படித்தானே இருக்கணும். கடைசியில அவங்களே..."

"கடைசி முதல்னெல்லாம் வேண்டாம் சார். முழுசாச் சரி பண்ணுங்க."

"டைரக்டர் சொன்னாரா?"

"சொல்லாமலா நான் வந்து நிக்கறேன்?"

இது பொய்யாங்க? டைரக்டர் சொன்னார்னு நான் சொன்னேனா? நான் திருப்பிக் கேள்விதானே கேட்டேன்? அவர் வேற யார்கிட்டயாவது விசாரிச்சிருக்கலாம். அவருக்கு அவசரம், அன்னன்னிக்கு எடுத்து அன்னன்னிக்கு சேனலுக்கு அனுப்பற பொழப்பு. சரிம்மான்னுட்டார்.

வியாழக்கிழமை வந்துச்சு. நான் அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்பிட்டு வெச்சேன். குவார்ட்டர்ஸ்ல எங்க பிளாக்கே எங்க வீட்டுலதான். சுண்டல் பண்ணியிருந்தேன். நளினி தரையில என் காலுக்குக் கீழே உக்காந்திருந்தா, அன்னிக்கு அவளுக்கு ஷூட்டிங் இல்ல. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. சின்னப் புள்ளையில பிடிச்சது, அதுக்கப்புறம் அன்னிக்குத்தான் பிடிச்சா.

கோமதி மேடை ஏறினா. வாயைத் திறந்தா. ஐயோ, என்னங்க சொல்றது! சுத்தம். அப்பழுக்கு இல்லாத சுத்தம். ஒரு இடம் பிசகல. நான் அழுதுட்டேன். தமிழ்நாடே இப்பத்தான் என் பொண்ணைக் கேக்குதுன்னு நினைச்சேன். என் கையிலேருந்து அவ கை எப்ப போச்சுன்னு எனக்குத் தெரியல.

ஆனா டி.வி.யில என்ன நடக்குது? கிளாஸ் மொத்தமும் விழுந்து விழுந்து சிரிக்குது. வாத்தியார் காதைப் பொத்தறார். ஹீரோ காகிதத்தைக் கசக்கி எறியறான். ஏன்னா ஷூட்டிங்ல அவங்க போட்டு நடிச்சது பழைய தப்பான பாட்டு. சரி பண்ணினது பின்னாடிதானே வந்து சேருது. பக்கத்து வீட்டு மரியபுஷ்பம், "ஏங்க்கா, நல்லாத்தானே பாடுது, எதுக்குச் சிரிக்கறானுங்க?"ன்னா. அப்புறம் கோமதி பாதியில நிறுத்தி, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மறுபடி முதல்லேருந்து பாடறா. அதே மாதிரி சுத்தமா. திடீர்னு கிளாஸ் அமைதியாயிடுது. வாத்தியார் கையை எடுத்துட்டார். கடைசி வரியில எல்லாரும் எழுந்து நின்னு அழுதுக்கிட்டே கை தட்டறாங்க. மரியபுஷ்பம், "இப்ப எதுக்கு அழறானுங்க?"ன்னா. யாருக்கும் ஒண்ணும் விளங்கல. சுண்டலைத் தின்னுட்டு எழுந்து போயிட்டாங்க.

நளினி என்னைப் பாத்தா. "யாரும்மா என் பாட்டுல கை வெச்சது?"

அப்பதான் விஷயமே தெரியுது எனக்கு. அந்த சீன் இவளே டைரக்டர்கிட்ட கெஞ்சிக் கேட்டு வாங்கினதாம். கோமதி தப்பா ஆரம்பிச்சு, எல்லாரும் சிரிக்கச் சிரிக்க, அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஒவ்வொரு படியாத் தேடித் தேடி, கடைசி வரியில கரெக்டா சுருதியில வந்து நிக்கணுமாம். அந்தத் தேடறதைத்தான் அத்தனை நாளா வீட்டுல சாதகம் பண்ணினாளாம். என்கிட்ட சொல்ல வேண்டாமா? நான் கேக்கவே இல்லையாம். குக்கர் விசில் விட்டா என்ன, கத்திச் சொல்லக் கூடாதா? பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சதுன்னு சொல்லுவாங்களே, அப்படி ஆயிடுச்சு. பிடிச்சது பிள்ளையார்தானே? அதை ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

"எது எப்படியோ, உன் குரலை ஊரு சரியாக் கேட்டுச்சு இல்ல"ன்னேன்.

"அது என் குரல் இல்லம்மா. மெஷின்."

"பின்ன யார் குரல்டி? நான் பெத்த குரல்."

அவ எழுந்தா. அடுப்படியில போய்த் தண்ணியைத் திறந்து விட்டுட்டு நின்னா. தண்ணி போயிக்கிட்டே இருக்கு, அவ நின்னுக்கிட்டே இருக்கா.

மறுநாள் சேனலுக்கு ஒரே போன். இவ்வளவு நல்லாப் பாடற பொண்ணைப் பாத்து ஏன் சிரிக்கறீங்க, கறுப்பா இருக்கறதாலயா, ஏழைப் பொண்ணுங்கறதாலயான்னு ஜனங்க பிடிச்சுக்கிட்டாங்க. தாய்மாருங்க சும்மா விடுவாங்களா? சேனல்காரன் சீரியல் எடுக்கற கம்பெனியைப் பிடிச்சான், கம்பெனி டைரக்டரைப் பிடிச்சுது, அவர் அருள்தாஸைப் பிடிச்சார், அந்த மனுஷன் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காம என் பேரைச் சொல்லிட்டார். அவரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்களாம். வேற ஸ்டுடியோ கிடைச்சிருக்கும், கெட்டிக்கார மனுஷன்தானே. நளினி அவர் வீட்டுக்குப் போய்ட்டு வந்தா. எதுக்குப் போனேன்னு கேட்டேன், சொல்லல.

கோமதியை டெல்லியில ஏதோ போட்டிக்கு அனுப்பிட்ட மாதிரி கதையில காட்டிட்டாங்க. டெல்லின்னா அவ்வளவுதான், திரும்பி வர்ற பழக்கமே கிடையாது. இவ வீட்டுல உக்காந்திருந்தா. தம்புரா உறைக்குள்ளேயே இருந்துச்சு. தப்பாவும் பாடல, சரியாவும் பாடல. "ஒரு கீர்த்தனையாவது பாடுடி"ன்னா, "எதுக்கும்மா, மெஷின் பாடும்"ங்கறா. பெத்தவகிட்ட பேசற பேச்சா இது?

ஆனா கோமதி இல்லாம கிளாஸ் களையிழந்து போச்சு. எனக்குத் தெரியும், நான் பாத்தேன். மங்களூர் பொண்ணு எத்தனை நாளைக்குத்தான் தனியா அழும்? ஜனங்க, கோமதி எங்கே, டெல்லியிலேருந்து எப்ப வருவான்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. போன வாரம் கம்பெனிலேருந்து வண்டி அனுப்பறோம்னு போன் வந்துச்சு. விடிகாலையிலயே எழுந்து மோர் கடைஞ்சேன். பையை ரெடி பண்ணினேன். ஊக்கு, சீப்பு, டவல், எல்லாம். நல்ல புடவையாக் கட்டிக்கிட்டேன், திரும்பி வர்ற நாளாச்சே. வண்டி வந்துச்சு. நளினி ஏறினா. நான் ஏறப் போனா டிரைவர், "இல்லம்மா, பாப்பா மட்டும்தான்"ங்கறான். கதவைச் சாத்திட்டான். இவ அந்தப் பக்கத்து ஜன்னல் வழியா வெளியே பாத்துக்கிட்டு இருக்கா.

விடுவேனா? பஸ் பிடிச்சு வந்தேன். புரொடக்‌ஷன் மேனேஜர் சகாயம் சாரை வாசல் கேட் பக்கத்துலயே பிடிச்சுக்கிட்டேன். "எல்லா அம்மாவும் உள்ளே இருக்காங்க. ஸ்டூல் கூட வேண்டாம், நான் நின்னுக்கறேன். எனக்கு மட்டும் என்ன சார் தடை?"ன்னேன். கம்பெனி முடிவு, எங்க கையில இல்லன்னு மழுப்பினார். கம்பெனி யாரு சார், முதலாளியைக் கூப்பிடுங்க, சேனல்காரனைக் கூப்பிடுங்க, நான் பேசறேன்னேன். குரல் கொஞ்சம் ஏறிப் போச்சு, வாசல்ல கூட்டம் கூடிடுச்சு. அந்த மங்களூர் அம்மா கூட எட்டிப் பாத்துச்சு.

அவர் என்னைக் கையைப் பிடிச்சு ஓரமாக் கூட்டிட்டுப் போனார். மெதுவாத்தான் சொன்னார். "அம்மா, நாங்க சொல்லல. உங்க பொண்ணுதான் கேட்டுது. அருள்தாஸைத் திரும்ப எடுக்கணும், அம்மா செட்டுக்கு வரக் கூடாது. வேற எதுவுமே கேக்கல. சம்பளம் கூட ஏத்திக் கேக்கல."

நான் நம்பல. இப்பவும் நம்பலங்க. இந்த சினிமாக்காரங்க பேச்சை எவன் நம்புவான்? அவளை ஏதாவது மிரட்டியிருப்பாங்க. வீட்டுல கேட்டிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. கேக்கலாம். தினம் சாயங்காலம் வர்றா, சாப்பிட்டியாம்மான்னு கேக்கறா, நான் சாப்பிட்டேன்னு சொல்றேன். அதுக்கு மேல வாய் வர மாட்டேங்குது. கேட்டு, ஆமான்னுட்டான்னா?

கோயிலுக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்து இங்கதான் உக்காந்திருக்கேன். இங்கேருந்து ஒண்ணும் கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஜெனரேட்டர் சத்தம்தான் கேக்குது. வண்டி உள்ளே போறதைப் பாப்பேன், வெளியே வர்றதுக்குள்ள எழுந்து போயிடுவேன்.

பாருங்க, கை காட்டறாங்க, பிரேக் விட்டாச்சு போல. நீங்க போங்க, புதுசுல லேட்டாப் போனா ஸ்டூலும் போயிடும். டீக்கு நான் குடுத்துக்கறேன், போங்க. ஒண்ணே ஒண்ணு. உள்ளே அம்மாங்க கேப்பாங்க, இந்தக் கோமதி அம்மா ஏன் வர்றதே இல்லைன்னு. கம்பெனி ரூல்னு சொல்லுங்க. கம்பெனிதான் வரக் கூடாதுன்னுடுச்சுன்னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்லிடாதீங்கம்மா.